போர் தப்பு என்றால் அழுவதும் தப்பா? இலங்கையில் இறந்த 1,200 இந்திய வீரர்களும் சென்னைத் துறைமுகமும்

1990 மார்ச் 24. இலங்கையின் திருகோணமலையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி கப்பல் ஏறியது. அப்படித் திரும்பிய வீரர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு நடந்தது. அப்போதைய முதல்வர் மு.கருணாநிதி அதற்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு.

அவர் செய்தது சரியா, தவறா? 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அரசியல் மேடைகளிலும் சோஷியல் மீடியாவிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. ஆனால் இதில் அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கப்பல்களில் திரும்பி வராத சுமார் 1,200 வீரர்களின் குடும்பங்கள். அவர்களோடு, பக்கத்தில் நின்ற தோழனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிய வீரர்கள்.

போரில் இறந்தவருக்காக ஒரு குடும்பம் அழும்போது ஊரும் சேர்ந்து அழுதால் என்ன மாறும்? ஊர் அழ மறுத்தால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள, வடசென்னையை ஒட்டிய துறைமுகத்தில் முடிந்த இந்தப் போரை விடப் பொருத்தமான உதாரணம் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

முதலில், அங்கே என்னதான் நடந்தது?

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியப் படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கப்படி ஐபிகேஎஃப். இந்தப் படையின் தலைமையகம் சென்னையில் இயங்கியது.

போன வேலை, அமைதியைக் காப்பது. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலர் ஆரம்பத்தில் வரவேற்கவும் செய்தார்கள். ஆனால் இரண்டே மாதங்களில் நிலைமை தலைகீழ். அக்டோபர் இரண்டாவது வாரம் விடுதலைப் புலிகளுக்கும் இந்திய ராணுவத்துக்கும் நேரடிச் சண்டை மூண்டது. ‘ஆபரேஷன் பவன்’ என்று அதற்குப் பெயர்.

அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் பிடிபட்டு உயிர் பிழைத்தார். நவம்பர் 25 அன்று பதுங்கியிருந்து நடத்தப்பட்ட தாக்குதலில் இறந்தவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மும்பையில் பிறந்த தமிழர். இந்தப் போரில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். சென்னை சாலிகிராமத்தில் ‘பரமேஸ்வரன் விஹார்’ என்ற ராணுவக் குடியிருப்பு இருக்கிறதே, அது இவர் பெயரில்தான். அந்த வழியாக தினமும் ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் படைப்பிரிவுகளும் இலங்கைக்குப் போயிருந்தன. தமிழ் பேசும் வீரர்கள், தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

அப்படியானால் தமிழ்நாடு ஏன் வரவேற்கவில்லை?

காரணம் இல்லாமல் இல்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்திய வீரர்கள் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் என 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து தங்கள் மீது சுட்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. உயிர் தப்பிய ஊழியர்கள் அதை மறுத்தார்கள். இறந்த சக ஊழியர்களின் படங்களுக்கு அந்த மருத்துவமனையில் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். 1989 ஆகஸ்ட்டில் வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தச் செய்திகள் தமிழ்நாட்டுக்கு உடனுக்குடன் வந்தன. 1990-ல் மீண்டும் போர் வெடித்தபோது அகதிகளும் வந்தார்கள். துறைமுகத்திலிருந்து எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் வரும் கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் அந்தக் காலத்தில் உருவானதுதான். புழலிலும் ஒரு முகாம் உண்டு.

ஆக, ஒரே தொழிற்பேட்டைப் பகுதியில் இரண்டு துக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியேறின. ஐபிகேஎஃப்-ஆல் உறவை இழந்தவர்கள் ஒரு பக்கம். ஐபிகேஎஃப்-ல் உறவை இழந்தவர்கள் இன்னொரு பக்கம். முதல் துக்கத்துக்குத் தமிழ்நாட்டில் மேடை இருந்தது, பேச ஆளும் இருந்தது. இரண்டாவதை வெளியே சொன்னாலே ‘அங்க போய் யாரைச் சுட்டாங்க?’ என்ற கேள்விதான் திரும்பி வரும் நிலை. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பிறகு, இந்தப் போரைப் பற்றி நிதானமாகப் பேசுவதே கஷ்டமாகிவிட்டது.

குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இன்று ராணுவ வீரர் இறந்தால் தேசியக்கொடி போர்த்திய பெட்டி சொந்த ஊருக்கு வருவதைப் பார்க்கிறோம். இது 1999 கார்கில் போரிலிருந்து பரவலான வழக்கம். அதற்கு முன்பு நடந்த போர்களில் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு முடிந்துவிடும். வீட்டுக்கு வருவது தந்தி. பிறகு சாம்பல், அல்லது ஒரு டிரங்குப் பெட்டியில் அவருடைய துணிமணிகள்.

கார்கிலில் 527 வீரர்கள் இறந்தார்கள். அந்தப் போரை நாடு டிவியில் பார்த்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், பட்டாலிக் மலைமுகட்டில் 1999 மே 29-ல் இறந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உடல் திருச்சிக்கு வந்தபோது ஊரே திரண்டது. இன்று அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு சென்னை திரண்டு வந்து விடை கொடுத்தது. 10 ஆண்டுகள் கழித்து ‘அமரன்’ படம் வந்தபோது தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இவர்களுடைய குடும்பங்களின் வலி குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் ‘உங்க வீட்டுல நடந்தது எங்களுக்கும் நடந்தது’ என்று ஊர் ஒரு தடவையாவது சொன்னது. ஐபிகேஎஃப் குடும்பங்களில் பலருக்கு அந்த ஒரு தடவை கிடைக்கவில்லை.

சேர்ந்து அழுவதால் என்ன மாறும்?

இதற்கு விடை சொல்ல சைக்காலஜி புத்தகம் வேண்டாம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஒரு சாவு வீட்டைப் பார்த்தால் போதும். தெருவை அடைத்து சாமியானா, பிளாஸ்டிக் சேர், விடிய விடிய டீ, பறை, ராத்திரி முழுக்கக் கானா. இறந்தவரின் பெயர், அவர் செய்த வேலை, யாரோடு சண்டை போட்டார், யாருக்கு உதவினார் என எல்லாம் பாட்டில் வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒரு பக்கம். கருமாதி வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று காசிமேடு கல்லறைக்குப் போனால், பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. இறந்தவரின் பெயர் உரக்கச் சொல்லப்படுகிறது. போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு தேதி இருக்கிறது.

போரில் இறந்தவர்களுக்கும் தமிழர்கள் ஒரு காலத்தில் இதையேதான் செய்தார்கள். நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் பழமையானவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். செங்கம் பக்கம் கிடைத்த நடுகற்களில் வீரனின் பெயர், எந்தப் பூசலில் எப்படிப் பட்டான் என்ற விவரம் எல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூசல் நியாயமானதா என்று கல் விசாரிக்கவில்லை. பல கல்வெட்டுகள் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைகளைப் பற்றியவை.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980-களின் கடைசியில் ஒரு கருத்தை முன்வைத்தார். சில இழப்புகளைச் சமூகம் இழப்பாகவே ஏற்பதில்லை. அப்போது துக்கப்படுகிறவருக்கு அழும் உரிமையே பறிபோகிறது. துக்கம் முடங்கி உள்ளேயே தங்கிவிடுகிறது. ‘அங்கீகாரம் இல்லாத துக்கம்’ என்று அதைச் சொல்லலாம். ஐபிகேஎஃப் குடும்பங்களின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

உடன் இருந்த வீரர்களுக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. குடும்பத்துக்குத் தெரியாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது: கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்ற விவரம். ‘வலிச்சிருக்குமா? ஏதாவது சொன்னாரா? யாராவது பக்கத்துல இருந்தாங்களா?’ அரசுக் கடிதத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்காது. உடன் இருந்தவர் நேரில் வந்து சொன்னால்தான் உண்டு.

மறுபக்கம், அந்த வீரருக்கும் ஒரு சுமை இருக்கிறது. ‘நான் பிழைச்சேன், அவன் செத்தான்’ என்ற குற்ற உணர்வு. அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தே பல வருடம் போகாமல் இருப்பார். இவர் வரவில்லையே என்று அந்த அம்மா வருத்தப்படுவார். இரண்டு பேருக்கும் தேவையானது அடுத்தவரிடம்தான் இருக்கிறது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை கொடுத்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் அழுத்திச் சொன்னார். களத்தில் தோழனுக்காக அழ நேரம் கிடைக்காதவர்கள் பிற்பாடு அதை ஆத்திரமாகவும் மரத்துப்போன மனதாகவும் சுமக்கிறார்கள். மாத்திரை மட்டும் போதாது. நடந்ததைச் சொல்ல வேண்டும், அதை நம்பிக் கேட்க ஒரு கூட்டமும் வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்திய ராணுவத்தில் இதற்கு இயல்பாகவே ஒரு வழி உண்டு. படைப்பிரிவு தொடங்கிய நாள், பெரிய சண்டை நடந்த நாள் போன்ற விழாக்களுக்கு இறந்த வீரர்களின் மனைவியரை அழைத்து மரியாதை செய்வார்கள். ‘வீர நாரி’ என்பது அவர்களுக்கு ராணுவம் தரும் பெயர். மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரி தென்னிந்தியர்கள் அதிகம் உள்ள பிரிவுகளில் உடன் இருந்தவர் பக்கத்து மாவட்டத்துக்காரராகவே இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பீரங்கிப் படை, சிக்னல்ஸ், சிஆர்பிஎஃப் போன்றவற்றில் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். திருவொற்றியூரில் இருக்கும் ஒரு பெண்ணின் கணவருடைய கடைசி நிமிடத்தைப் பார்த்தவர் பஞ்சாபிலோ மணிப்பூரிலோ இருக்கலாம். மொழியும் இடிக்கும். பதவிக்காலம் முடிந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிட்டால் தொடர்பே அறுந்துவிடும்.

உடலே கிடைக்கவில்லை என்றால்?

2016 ஜூலை 22. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் மாயமானது. இது போர் இல்லை, விபத்து. ஆனால் வேலையில் இருந்த படையினரின் இழப்பு. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பரில் தேடல் நிறுத்தப்பட்டு, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் பதில் கிடைத்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் பாகங்கள் தெரிந்தன. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி படம் எடுத்திருந்தது.

அந்த ஏழரை ஆண்டுகள் பொட்டு வைப்பதா வேண்டாமா, திதி கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வீடு எப்படித் தவித்திருக்கும்? காசிமேட்டு மீனவர்களுக்கு இது புதிதல்ல. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதபோதுதான் இறந்ததாக அனுமானிக்கலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அதுவரை இரண்டும் கெட்டான் நிலை. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், இதை ‘தெளிவில்லாத இழப்பு’ என்று விளக்கினார். இந்த மாதிரி குடும்பங்களிடம் ‘மறந்துட்டு அடுத்த வேலையைப் பாருங்க’ என்று சொல்வது உதவாது. நம்பிக்கையும் துக்கமும் ஒன்றாகவே இருக்கலாம் என்று ஏற்பதே உதவும் என்பது அவர் அனுபவம்.

அரசு எதைக் கொடுக்கிறது, எது விட்டுப்போகிறது?

பணம் தொடர்பாக ஏற்பாடுகள் இருக்கின்றன. போர் நடவடிக்கையில் இறந்த வீரரின் குடும்பத்துக்கு ‘லிபரலைஸ்டு’ குடும்ப ஓய்வூதியம், அதாவது கடைசியாக வாங்கிய ஊதிய அளவுக்கு. பணி காரணமாக ஏற்பட்ட மற்ற மரணங்களுக்கு 60 சதவீத சிறப்பு ஓய்வூதியம். சாதாரண மரணத்துக்கு 30 சதவீதம். 2019 புல்வாமா தாக்குதலில் இறந்த 40 சிஆர்பிஎஃப் வீரர்களில் இருவர் தமிழ்நாட்டவர். 2020 கல்வான் மோதலில் ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி இறந்தார். இந்த மூன்று குடும்பங்களுக்கும் மாநில அரசு தலா ரூ.20 லட்சமும், அரசு வேலையும் அறிவித்தது. மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. டிசம்பர் 7 கொடிநாளில் வசூலாகும் நிதி அவர்களின் நலனுக்குத்தான் போகிறது.

ஆனால் இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், மரணங்களுக்கு ஒரு தரவரிசை இருப்பது தெரியும். எதிரி சுட்டு இறந்தால் ஒரு வகை. நோயிலோ விபத்திலோ இறந்தால் வேறு வகை. தற்கொலை செய்துகொண்ட வீரருக்கு ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தும் வழக்கம் இல்லை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீர் பணியில் இறந்தால் ரூ.48 லட்சம் காப்பீடு உள்ளிட்ட தொகைகள் வரும். குடும்ப ஓய்வூதியம் கிடையாது. எல்லாரும் மேடையில் சொல்லும் ‘தியாகி’ என்ற பட்டம்கூட ராணுவத்தின் அதிகாரப்பூர்வச் சொல் அல்ல என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

பணத்தைப் பிரிப்பதற்கு விதி தேவைதான். சிக்கல் என்னவென்றால், அதே விதி துக்கத்தையும் பிரித்துவிடுகிறது. பெற்றோருக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்ற கணக்கில் ஒரே வீட்டில் அழுதவர்கள் கோர்ட்டில் எதிரெதிரே நிற்கும் கதைகள் உண்டு. வீரதீர விருதுக்கான படித்தொகை, மறுமணம் செய்துகொண்ட மனைவிக்குத் தொடர வேண்டுமானால் அவர் இறந்தவரின் சகோதரரைத்தான் மணக்க வேண்டும் என்ற நிபந்தனை 2017 நவம்பர் வரை இருந்தது. கணவரை இழந்த பெண்ணை அந்த வீட்டுச் சொத்தாகப் பார்த்த விதி அது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் வியட்நாம் போர் வெறுக்கப்பட்ட போர். திரும்பிய வீரர்களுக்கு அங்கேயும் வரவேற்பு சரியில்லை. 1982-ல் வாஷிங்டனில் ஒரு கறுப்புக் கல் சுவர் திறக்கப்பட்டது. மாயா லின் என்ற மாணவி வடிவமைத்தது. போர் சரி என்றோ தவறு என்றோ அதில் ஒரு வரி இல்லை. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், இறந்த தேதி வரிசையில். ஒன்றாக இறந்தவர்கள் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். அம்மாக்கள் காகிதம் வைத்து மகனின் பெயரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துப்போகிறார்கள். போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அங்கே ஒன்றாக நிற்க முடிகிறது.

அதே நாட்டில், 1992-ல் ராணுவ விமான விபத்தில் கணவரை இழந்த போனி கரோல், தன்னைப் போன்றவர்களுக்காக 1994-ல் ‘டாப்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் அடிப்படை எளிது. புதிதாக இழந்தவருக்குத் துணையாக, சில ஆண்டுகளுக்கு முன் அதே மாதிரி இழந்த ஒருவர். எப்படி இறந்தார் என்ற பாகுபாடு இல்லை. தற்கொலையால் இழந்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

இன்னும் பக்கத்தில், இலங்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. விசாகா தர்மதாச என்ற சிங்களத் தாயின் மகன், ராணுவ வீரர், 1998-ல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல்போனார். காணாமல்போன வீரர்களின் பெற்றோரைத் திரட்டிய அவர், அடுத்த கட்டமாகத் தமிழ்த் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தைக் கட்டினார். போர் நடந்துகொண்டிருந்தபோதே புலிகளின் பகுதிக்குப் போய்ப் பேசினார். ‘என் பையன் எங்கே?’ என்ற கேள்வி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததுதான் அவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தது.

இதற்கு நேர்மாறானதும் அங்கேதான் நடந்தது. இறந்த புலிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை இலங்கை ராணுவம் இடித்துத் தள்ளியது. யாழ்ப்பாணம் கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்தில் ராணுவ முகாம் எழுந்தது. புலிகள் அமைப்பைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரு தாய் விளக்கேற்றப் போகும் இடத்தை அழித்தால் அவருடைய துக்கம் முடிந்துவிடாது. இடிபாடுகள் நடுவே நவம்பர் 27-ல் இன்றும் விளக்கேற்றுகிறார்கள்.

இதில் ஒரு முரண் கவனிக்க வேண்டியது. ஐபிகேஎஃப் வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சின்னத்தை இலங்கை அரசு கொழும்பு அருகே கட்டி 2008-ல் திறந்தது. டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தது 2019 பிப்ரவரியில்தான். தாங்கள் சண்டை போட்ட நாள் நினைவுகூரப்பட வேண்டும் என்று இந்த வீரர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். தாங்களாகவே கூடி மலர்வளையம் வைத்துவந்தார்கள்.

இங்கே என்ன செய்யலாம்?

டெல்லி நினைவுச் சின்னத்தில் இறந்த வீரர்களின் குடும்பத்தினரே மாலையில் மலர்வளையம் வைக்கும் நிகழ்வு நடக்கிறது. எண்ணூரில் இருக்கும் 70 வயது அம்மாவுக்கு டெல்லி தூரம். ஆனால் துறைமுகத்துக்கு அருகிலேயே, கோட்டைக்குப் பக்கத்தில் நேப்பியர் பாலத்தை ஒட்டிச் சென்னைப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. ராணுவ விழாக்களில் அதிகாரிகள் மரியாதை செய்யும் அந்த இடத்தில், ஆண்டுக்கு ஒரு மாலை குடும்பங்களுக்காக ஒதுக்கப்பட்டால் எப்படி இருக்கும்? பேச்சாளர், பொன்னாடை எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போய் இறந்தவர்களின் பெயர்களை, எந்தப் போர், எந்தப் படை, எப்படிப்பட்ட மரணம் என்று பார்க்காமல், ஒவ்வொன்றாகப் படித்தாலே போதும். பெயரைப் படிப்பவர் அவரோடு இருந்த வீரராக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, தொடர்பை மீட்பது. யாருடைய கணவரோடு யார் இருந்தார் என்ற விவரம் படைப்பிரிவுகளிடமும் முன்னாள் வீரர் சங்கங்களிடமும் இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பென்ஷன் மனு வாங்குவதோடு இந்த இணைப்பு வேலையையும் எடுத்துச் செய்ய முடியும். 1987-ல் 25 வயதில் இருந்தவருக்கு இப்போது 60-ஐத் தாண்டியிருக்கும். அவர் மனதில் இருக்கும் கடைசி நிமிடத்தைக் கேட்டு வாங்க இன்னும் நிறைய வருடங்கள் இல்லை.

மூன்றாவது, மனநல உதவி. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். படையினருக்கும் குடும்பத்துக்கும் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. குடும்பத்தில் யாராவது மாதக்கணக்கில் தூங்காமல், பேசாமல், குடியில் மூழ்கி இருந்தால் இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

நான்காவது, அக்கம்பக்கத்தாருக்கானது. அப்பார்ட்மென்ட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு குடும்பம் இருந்தால், ‘எவ்வளவு பணம் வந்துச்சு?’ என்ற கேள்வியைத் தவிர்க்கலாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்கலாம். முதல் வருடம் எல்லாரும் வருவார்கள். ஐந்தாவது வருடம் அந்தத் தேதியில் ஒரு போன் செய்பவர் அரிது. அந்தப் போன்தான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கடைசியாக, அந்தப் பழைய கேள்வி. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் இறந்தவர்களுக்காக அழுகிற ஒருவர், அந்தப் போரில் இறந்த இந்திய வீரருக்காகவும் அழலாமா? அழலாம். வீரருக்காக அழுதால் அந்தப் போரை நியாயப்படுத்தியதாக ஆகாது. அவரைப் போகச் சொல்லி உத்தரவு போட்டவர்கள் வேறு ஆட்கள். மருத்துவமனையில் நடந்ததற்குப் பொறுப்புக் கேட்பதையும் அது தடுக்காது. கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரு வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்கலாம். ராயபுரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் சீருடை போட்ட படம் தொங்கலாம். இரண்டுக்கும் கீழே 1987 என்று இருக்கலாம். அந்த இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் துக்கம் விசாரிக்கப் போக முடிகிற ஊராகச் சென்னை இருக்குமா என்பதுதான் 1990-ல் விடுபட்ட கேள்வி.